ஏழாம் அட்டையின் நோயாளி

பதினோரு வருடங்களில் ஒத்திகை அக்கா அறுபத்து மூன்று முறை செத்திருக்கிறார். எல்லாமே வியாழக்கிழமைகளில், காலை பத்து மணிக்கும் பன்னிரண்டரைக்கும் நடுவில், ஒரு பெரிய மருத்துவமனையின் தரைத்தளத்தில், மூன்றாம் எண் அறையில். செத்து முடித்ததும் எழுந்து உட்கார்ந்து கொண்டையை முடிந்துகொள்வார். தலையணை உறையை இழுத்துச் சரிசெய்துவிட்டு, மிச்ச வேலையைப் பார்க்க மாடிக்குப் போய்விடுவார். இங்கே சொல்லப்போவது அறுபத்து மூன்றாவது தடவைக்கும் அறுபத்து நான்காவது தடவைக்கும் நடுவில் நடந்தது.

அவருக்கு வயது ஐம்பத்திரண்டு. வார்டு உதவியாளர். இனிக் குணமாக்க முடியாது என்று ஆனவர்களை வலி தெரியாமல் பார்த்துக்கொள்ளும் பிரிவு இரண்டாம் மாடியில் இருக்கிறது. அங்கே விரிப்பு மாற்றுவார், உடம்பு துடைப்பார், முதுகில் புண் வராமல் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை ஆட்களைப் புரட்டிப் படுக்கவைப்பார். சாவது உபரி வேலை. அந்தப் பிரிவுக்குப் புதிதாக வருகிற டாக்டர்கள், நர்சுகள், உதவியாளர்கள் எல்லோருக்கும் ஒரு பயிற்சி உண்டு. ஊரில் பல இடங்களிலிருந்து வந்து குடியேறிய பலவிதமான ஆட்கள் இருக்கிறார்கள். சாவைப் பற்றி ஒவ்வொருவரிடமும் ஒவ்வொரு விதமாகப் பேச வேண்டும் என்பதுதான் பாடம். அதற்காகப் பன்னிரண்டு அட்டைகள் வைத்திருக்கிறார்கள். உள்ளங்கை அளவு, பிளாஸ்டிக் உறை போட்டது, அடையாள அட்டையோடு சேர்ந்து கழுத்தில் தொங்கும். ஒரு வகை ஆட்களுக்கு ஓர் அட்டை. மூன்று தலைமுறைக்கு முன்னால் மலைப்பக்கமிருந்து ஆலை வேலைக்கு இறங்கி வந்தவர்களுக்கு ஏழாம் அட்டை. அக்கா அந்தக் கூட்டத்தில் பிறந்து, அந்தக் கூட்டத்திலேயே வாழ்க்கைப்பட்டவர். ஏழாம் அட்டையை ஒத்திகையாக நடத்திக்காட்டும்போது நோயாளியாகக் கட்டிலில் படுக்க ஓர் ஆள் வேண்டும்; அது அக்கா. பட்டப்பெயர் அப்படி வந்தது.

நன்றாகவே செய்வார். மூச்சை எங்கே இழுத்து எங்கே நிறுத்த வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, தினமும் பார்ப்பதுதானே. ஒரு முறை பயிற்சிக்கு வந்த ஆண் நர்ஸ் ஒருவர் பாதியில் எழுந்து போய்விட்டார். தேடிப் போனால் கேன்டீனில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கிறார். அக்கா பக்கத்தில் உட்கார்ந்து, "நான்தாம்ப்பா. எந்திரிச்சு வந்துட்டேன், பாரு. டீ குடிக்கிறியா?" என்று கேட்டுத் தேற்றிக் கூட்டிவந்தார். அந்த நர்ஸ் இன்றும் அக்காவைக் கண்டால் ஓர் அடி தள்ளித்தான் நிற்பார்.

அட்டைகள் பயிற்சிப் பிரிவுத் தலைவியின் யோசனை. அவரை எல்லோரும் அட்டை மேடம் என்றே சொல்வார்கள். நல்ல மனுஷி. அவர் வருவதற்கு முன்னால், டாக்டர்கள் கட்டிலின் கால்மாட்டில் நின்று, கையில் இருக்கும் ஃபைலைப் பார்த்து இரண்டு வாக்கியம் சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவார்கள். அதை மாற்றியவர் அவர்தான். பதினோரு வருடத்துக்கு முன் ஒரு மதிய இடைவேளையில், கையில் நோட்டோடு வந்து அக்காவுக்கு எதிரே உட்கார்ந்தார். உங்கள் ஆட்களில், சாகப்போகிறவரிடம் யார் அதைச் சொல்வார்கள் என்று கேட்டார். அக்காவின் டிபன் பாக்ஸ் பாதிகூடக் காலியாகவில்லை. திரும்ப வேலைக்குப் போகப் பன்னிரண்டு நிமிடம் இருந்தது. மாமியார் இறந்து ஆறு வாரம்தான் ஆகியிருந்தது. மனதில் இருந்தது அது ஒன்றே. அதைச் சொன்னார். நோயாளியிடம் சொல்லவில்லை, மூத்த மகனிடம் டாக்டர் சொன்னார். நோயாளி கேட்கவில்லையா? கேட்டுக்கொண்டேதான் இருந்தார், நாங்கள் பேச்சை மாற்றிவிட்டோம். வேறு ஏதாவது? செருப்பைக் கட்டிலுக்கு அடியில் வாசலைப் பார்த்து வைப்போம். மேடம் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார்.

பன்னிரண்டு நிமிடத்தில் அக்கா சொல்லாமல் விட்டது ஒன்று இருந்தது. மாமியாருக்குக் காது சுத்தமாகக் கேட்காது. நாற்பது கட்டில் போட்ட வார்டு அது. அவரிடம் விஷயத்தைச் சொல்வதென்றால் நாற்பது பேருக்கும் கேட்கும்படி கத்த வேண்டும். டாக்டர் சுற்றும்முற்றும் பார்த்தார். தாழ்வாரத்தில் மூத்த மகன் நின்றுகொண்டிருந்தார். அவரிடம் சொல்லிவிட்டுப் போய்விட்டார். மாமியார் கேட்டுக்கொண்டே இருந்ததும், காது கேட்காதவர்கள் எதற்கும் "என்ன, என்ன?" என்பார்களே, அதுதான். செருப்பு விஷயமும் அப்படியே. ஒரு முறை கட்டிலிலிருந்து இறங்கும்போது தடுக்கி விழுந்தார், அன்றிலிருந்து காலை நீட்டினால் மாட்டிக்கொள்ளும்படி திருப்பி வைத்தார்கள்.

இரண்டு மாதம் கழித்து ஏழாம் அட்டை அச்சாகி வந்தது. செருப்பு வாசலைப் பார்த்து இருக்க வேண்டும். நோயின் முடிவைக் குடும்பத்தின் மூத்த ஆணிடம் மட்டுமே சொல்ல வேண்டும். நோயாளியே கேட்டால், அது தெரிந்துகொள்ளும் விருப்பம் அல்ல, குடும்பம் ஒற்றுமையாக இருக்கிறதா என்று அவர் சோதித்துப் பார்ப்பது. மென்மையாகப் பேச்சை மாற்ற வேண்டும். படித்தவர்கள் எழுதினால் நம் வீட்டு விஷயம்கூட இவ்வளவு அழகாக இருக்கிறதே என்று அக்காவுக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. மற்ற வீடுகளிலும் விசாரித்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டார். யாரும் விசாரிக்கவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததுதான் வேடிக்கை. ஏழாம் அட்டைக் குடும்பங்கள் வந்தன. நர்ஸ் செருப்பைத் திருப்பி வைப்பதைப் பார்த்து, இது இந்த ஆஸ்பத்திரியின் சட்டம் போல என்று அவர்களும் திருப்பி வைத்தார்கள். அவர்கள் வைப்பதைப் பார்த்து, அட்டை சரிதான் என்று நர்சுகள் தலையாட்டினார்கள். தம்பிகளிடமும் மகள்களிடமும் பேசிப் பழகிய வீடுகளில் டாக்டர்கள் திடீரென்று மூத்தவரைத் தேடிப்பிடித்து, தனி அறைக்குக் கூட்டிப்போய்ச் சொன்னார்கள். பெரிய டாக்டரே இப்படிச் செய்கிறார் என்றால் காரணம் இல்லாமலா இருக்கும் என்று வீட்டாரும் வாயை மூடிக்கொண்டார்கள். ஒரு முறை நோயாளியின் தங்கை ஒருத்தி அக்காவைத் தனியாகக் கூப்பிட்டு, "ஏன்க்கா, உங்க ஆஸ்பத்திரில எதுக்கு எல்லாரும் செருப்பையே பாத்துட்டு இருக்காங்க?" என்று கேட்டாள். அக்கா சிரித்துக்கொண்டே, "இங்க அப்படித்தான்" என்று சொல்லிவிட்டார். அந்த நாளைப் பற்றி இப்போது பேசும்போது மட்டும் அவர் குரல் இறங்கிவிடுகிறது.

அக்காவின் கணவர் லிஃப்ட் மெக்கானிக். எங்கே போனாலும் லிஃப்ட்காரர்தான். ஐம்பத்தேழு வயது. ஒல்லி, நகைச்சுவைக்காரர், எந்தக் கட்டடத்துக்குள் நுழைந்தாலும் முதலில் அங்கே லிஃப்ட் ஓடும் சத்தத்தைக் கேட்பவர். பழுதை மறைத்துப் பேசும் ஆட்களை அவருக்குப் பிடிக்காது. இந்தக் கயிறு இன்னும் மூன்று மாதம் தாங்கும், அதற்கு மேல் ஓட்டினால் நான் பொறுப்பில்லை என்று குடியிருப்போர் கூட்டத்தில் எழுந்து நின்று சொல்லிவிட்டு வருவார்.

பயிற்சிக்கு முந்தைய நாட்களில் அக்கா வீட்டில் ஒத்திகை பார்ப்பார். ஒத்திகைக்கு ஒத்திகை. சமையலறையில் பாயை விரித்து அக்கா படுத்துக்கொள்ள, லிஃப்ட்காரர் டாக்டர். தன் கருவிப் பெட்டியை இழுத்துப்போட்டு அதன் மேல் உட்காருவார். டாக்டரின் கண் நோயாளியின் கண்ணை விட உயரத்தில் இருக்கக் கூடாது என்பது பயிற்சியின் முதல் படி. இரண்டாவது படி, கையில் இருக்கும் பேனாவைச் சட்டைப்பையில் வைப்பது; இனி எழுதுவதற்கு ஒன்றும் இல்லை என்று அர்த்தம். அவர் பேனாவுக்குப் பதில், கரண்ட் இருக்கிறதா என்று பார்க்கும் டெஸ்டரை வைப்பார். பிறகு கையைப் பிடித்துக்கொண்டு ஏழாம் அட்டைக்கென்று எழுதிய வாக்கியத்தைச் சொல்ல வேண்டும்: "உங்க வீட்டுப் பெரியவங்ககிட்ட எல்லாம் பேசிட்டோம். நீங்க நிம்மதியா இருங்க." அதைச் சொல்லிவிட்டு லிஃப்ட்காரர், "குழம்பு தீயுது, அதையும் பெரியவங்ககிட்ட சொல்லிடவா?" என்பார். சாகக்கிடந்தவர் எழுந்து அடுப்பை அணைக்க ஓடுவார்.

அவர்களுக்கு ஒரே மகள். நான்கு மணி நேர பஸ் பயணத் தூரத்தில், ஒரு மருந்துக் கம்பெனியில் பொருட்களைச் சோதித்துப் பார்க்கும் வேலை. மூன்று வருடத்துக்கு முன் அந்த வேலைக்காக வீட்டை விட்டுத் தனியாகப் போகிறேன் என்றபோது அப்பாவுக்கும் மகளுக்கும் வாய்ச்சண்டை. "போனா போ" என்றார் அப்பா. அவள் போய்விட்டாள். அதன்பின் இருவரும் பேசிக்கொண்டது அக்கா வழியாகத்தான். சாப்பிட்டாளா என்று கேள், மாத்திரை போட்டாரா என்று கேள். மகள் இருப்பது லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் மூன்றாவது மாடி. அதை அப்பா ஒரு குறையாகவே சொல்லிக்கொண்டிருப்பார்.

மூன்று மாதமாக முதுகுவலி என்றார், கருவிப் பெட்டியைத் தூக்கியதால் என்றார். எடை குறைந்தது. ஒரு திங்கட்கிழமை அக்கா வேலை பார்க்கும் மருத்துவமனையிலேயே, ஐந்தாம் மாடிப் பொது வார்டில் சேர்த்தார்கள். சேர்த்த அன்றே அவர் மனைவியிடம் ஒரு நிபந்தனை போட்டார். மகள் இப்போது வரக் கூடாது. "படுத்துக் கிடக்கும்போது வந்தா, எனக்காக வந்தாளா, நோய்க்காக வந்தாளான்னு எனக்கு எப்படித் தெரியும்? எந்திரிச்சு நடந்ததும் நானே போய் அந்த மூணு மாடியும் ஏறுறேன். பஸ் நேரம் மட்டும் கேட்டு வை."

வெள்ளிக்கிழமை காலை பதினொன்றரைக்கு அக்கா இரண்டாம் மாடித் துணி அறையில் விரிப்புகளை மடித்துக்கொண்டிருந்தார். போன் வந்தது. கணவரின் அண்ணன், அன்று தாழ்வாரத்தில் நின்ற அதே மூத்த மகன். ரயிலில் ஒன்றரை நாள் தூரத்து நகரத்தில், பஸ் டெப்போவில் டைம்கீப்பர். தம்பி மேல் பாசம் உள்ளவர், ஆனால் வருடத்துக்கு இரண்டு முறைதான் பேசுவார். எடுத்த உடனே அழுதார். கணையத்தில் புற்று, ஈரல் வரைக்கும் போய்விட்டது, மிஞ்சினால் மூன்று வாரம் என்று டாக்டர் சொன்னதாகச் சொன்னார்.

எந்த டாக்டர், எப்போது சொன்னார் என்று அக்கா கேட்டார். இப்போதுதான், அரை மணி நேரம் பேசினார், ரொம்ப மரியாதையான டாக்டர் என்றார் அண்ணன். அந்த டாக்டர் அதே கட்டடத்தில் மூன்று மாடி மேலே இருந்தார். ஒரு மணி நேரத்துக்கு முன் படிக்கட்டில் அக்காவைக் கடந்து போனார், தலையாட்டி வணக்கம்கூடச் சொன்னார்.

"தம்பிகிட்ட இப்போ மூச்சு விடாதம்மா. நான் லீவு போட்டுட்டு அடுத்த சனிக்கிழமை வந்துடுறேன். அதுவரைக்கும் எல்லா முடிவும் நான்தான் எடுக்கணுமாம். நம்ம வழக்கம் அப்படித்தானாமே? டாக்டரே சொல்றார்."

"வழக்கமெல்லாம் ஒண்ணும் இல்ல மாமா. அது அத்தைக்குக் காது கேக்காததால வந்தது."

"நமக்குத் தெரியாதது எவ்வளவோ இருக்கும்மா. அவங்க படிச்சவங்க." இவ்வளவு காலமாகத் தன்னிடம் இப்படி ஒரு பொறுப்பு இருந்ததே தெரியாமல் போய்விட்டதே என்கிற வருத்தம் அந்தக் குரலில் இருந்தது. அதை அவரிடமிருந்து பிடுங்கவும் முடியவில்லை.

அந்த டாக்டர், அக்கா நாற்பத்தோராவது முறை செத்தபோது பயிற்சியில் இருந்தவர். அந்தக் குழுவிலேயே நன்றாகச் செய்தவர் என்று அக்காவே மேடத்திடம் பாராட்டிச் சொன்னவர். போய்க் கேட்டபோது எழுந்து நின்று பேசினார். இதை ஓர் ஊழியராக நீங்கள் கேட்டு, மனைவியாகச் சுமக்கும்படி ஆகிவிடக் கூடாது என்றுதான் முறைப்படி மூத்தவரிடம் போனேன் என்றார். இப்போது அக்காவின் முன்னால் ஒரு தாளும் வைத்தார். தன் உறவினர் சிகிச்சையில் இருக்கும்போது ஊழியர் யாரும் மருத்துவச் செய்தியை நோயாளிக்குத் தானாகத் தெரிவிக்கக் கூடாது என்கிற உறுதிமொழி. எல்லோரும் போடுவதுதான். அக்கா கையெழுத்துப் போட்டார்.

மகளிடம் மட்டும் உண்மையைச் சொன்னார். மகள் போனில் கேட்டாள், "அப்பாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"அப்ப நான் எப்படிம்மா வருவேன்? வரக் கூடாதுன்னு சொன்னவர் முன்னாடி திடீர்னு போய் நின்னா, அதுவே சேதிதானே. நீங்க யாரும் சொல்லாததை என் மூஞ்சி சொல்லணுமா? முதல்ல அவருக்குச் சொல்லுங்க. சொன்ன அடுத்த பஸ்ல வரேன்."

அவள் சொன்னதில் தப்பு இல்லை. நாளும் அதிகம் இல்லை. வலி கூடக்கூட மருந்து கூடும், மருந்து கூடினால் தூக்கம் கூடும். இன்னும் ஒரு வாரம், பத்து நாளில் லிஃப்ட்காரர் பேசும் நிலையில் இருக்க மாட்டார். இதை அக்காவுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. அந்த வாரம் முழுக்க அவர் கணவர், பார்க்க வருகிறவர்களிடமெல்லாம், "எனக்கென்ன கவலை, நம்ம ஆளு உள்ளேயே இருக்கா. ரிப்போர்ட் வந்தா முதல்ல அவளுக்குத்தானே தெரியும்?" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அக்கா ரிப்போர்ட் இன்னும் வரவில்லை என்றார். உறுதிமொழி ஒரு பக்கம் இருக்கட்டும். பயம்தான் காரணம் என்று அவரே ஒத்துக்கொள்கிறார்.

லிஃப்ட்காரரோ கட்டிலில் படுத்தபடியே வேலை பார்த்துக்கொண்டிருந்தார். வார்டுக்கு எதிரே இருந்த லிஃப்டின் கதவு மூடும்போது இடறியது. உருளை தேய்ந்துவிட்டது, மாற்றாவிட்டால் ஒரு நாள் ஸ்ட்ரெச்சரோடு நடுவில் நிற்கும் என்று சுத்தம் செய்ய வருகிறவரிலிருந்து தலைமை நர்ஸ் வரை எல்லோரிடமும் சொல்லி, ஒரு தாளில் எழுதியும் கொடுத்தார்.

அடுத்த சனிக்கிழமை வரை பொறுக்க முடியாது என்று அக்காவுக்கு ஞாயிறன்று தோன்றியது. மாலை நான்கு மணி, பார்வையாளர் நேரம். கட்டிலைச் சுற்றித் திரையை இழுத்துவிட்டார். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கையில், நோயாளிகளைப் புரட்டிய நேரத்தைக் குறிக்கிற பேனா இருந்தது. அவர் கையைப் பிடிப்பதற்காக அதைச் சீருடையின் சட்டைப்பையில் செருகினார்.

"ஏங்க. உங்களுக்கு இனிமே குணமாகாதுன்னு சொல்லிட்டாங்க."

லிஃப்ட்காரர் அவரையே பார்த்தார். பையில் இருந்த பேனாவைப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"இன்னிக்கு நீ டாக்டரா? அப்ப நான்தான் படுக்கணும். படுத்துத்தான் கிடக்கேன்." பிறகு விரலை ஆட்டினார். "ஆனா தப்பு. அட்டைல அப்படி இல்ல. என்கிட்ட சொல்லவே கூடாது, எங்க அண்ணன்கிட்ட சொல்லணும். பதினோரு வருஷமாப் படிச்சும் ஃபெயிலு."

சொல்லிவிட்டுச் சிரித்தார். இருமல் வரும் வரைக்கும் சிரித்தார். மருத்துவமனைக்கு வந்த பிறகு அவர் சிரித்தது அன்றுதான். அக்காவும் சிரித்தார். அந்தச் சிரிப்பை நிறுத்திவிட்டு, இல்லை, இது ஒத்திகை இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. தண்ணீர் கொடுத்து, முதுகைத் தடவி, திரையைத் திறந்துவிட்டார்.

திங்கட்கிழமை அட்டை மேடத்திடம் போனார். மாமியாரின் காது விஷயத்தை, பதினோரு வருடம் கழித்து, முதல் முறையாகச் சொன்னார். ஏழாம் அட்டை எங்கள் வீடு மட்டும்தான், எங்கள் ஆட்கள் இல்லை என்றார். மேடம் குறுக்கே பேசாமல் முழுதாகக் கேட்டார். எழுந்து வந்து அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார். இதுவரை இருநூற்றுப் பன்னிரண்டு குடும்பங்கள், ஒருவர்கூட முறையிடவில்லை, எல்லோரும் எவ்வளவு இயல்பாக ஒத்துப்போகிறார்கள் என்று நீங்களே பார்த்திருக்கிறீர்களே என்றார். சொந்த வீட்டில் வரும்போது சொந்த வழக்கத்தின் மேலேயே கோபம் வருவது சகஜம். அதைப் பற்றியும் பயிற்சியில் ஒரு பாடம் இருக்கிறது என்றார். அட்டையை மாற்றுவதென்றால் குழு கூட வேண்டும், வருடத்துக்கு இரண்டு முறை கூடும், எழுதிக் கொடுங்கள் என்றார். அக்கா அங்கேயே உட்கார்ந்து எழுதிக் கொடுத்தார்.

செவ்வாய்க்கிழமை மாலை ஐந்து மணிக்கு லிஃப்ட்காரர் டாக்டரிடமே கேட்டுவிட்டார். அக்கா கால்மாட்டில் போர்வையை மடித்துக்கொண்டு நின்றிருந்தார்.

"டாக்டர், ஒரு மெஷினைத் திறந்து பாத்தா என்ன பழுதுன்னு வீட்டுக்காரர்கிட்ட சொல்லிடணும். அதான் தொழில். எனக்கு என்ன பழுது?"

டாக்டர் ஃபைலை மூடினார். ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தார். அவர் கண் நோயாளியின் கண்ணுக்குக் கீழே வந்தது. பேனாவை எடுத்துச் சட்டைப்பையில் வைத்தார். லிஃப்ட்காரரின் கையைத் தன் இரண்டு கைகளுக்குள் எடுத்துக்கொண்டார். எதிலும் குறை சொல்ல முடியாது. அக்கா சொல்லிக்கொடுத்த மாதிரியே இருந்தது.

"உங்க வீட்டுப் பெரியவங்ககிட்ட எல்லாம் பேசிட்டோம். நீங்க நிம்மதியா இருங்க."

லிஃப்ட்காரர் டாக்டரின் சட்டைப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்லா செஞ்சீங்க டாக்டர்," என்றார் கடைசியில். "நான் இவ்வளவு நல்லா செஞ்சதில்ல."

டாக்டருக்குப் புரியவில்லை. ஆனாலும் புன்னகைத்து, கையை ஒரு முறை அழுத்திவிட்டு எழுந்து போனார். எதிரே லிஃப்ட் கதவு இடறி மூடியது. லிஃப்ட்காரர் மனைவியைக் கிட்டே வரச் சொன்னார்.

"அன்னிக்கு நீ சொன்னது ஒத்திகை இல்லையா?"

அக்கா இல்லை என்று தலையாட்டினார்.

"ரெண்டு நாள் போச்சே," என்றார். கோபமாகச் சொல்லவில்லை, வேலை நாளைக் கணக்குப் பார்க்கிற குரலில் சொன்னார். பிறகு, "அவளை வரச் சொல்லு. நான் கூப்பிட்டேன்னு சொல்லு" என்றார்.

மாலை பஸ் நாலரைக்கே போய்விட்டிருந்தது. அடுத்தது காலை ஆறு மணிக்கு. மகள் ஐந்தரைக்கே நிலையத்துக்கு வந்து முதல் சீட்டில் உட்கார்ந்துவிட்டதாகப் போனில் சொன்னாள். அதற்குள் இங்கே வலி எகிறிவிட்டது. மருந்தைக் கூட்டுவதைத் தவிர வேறு வழி இல்லை. கூட்டலாமா என்று அண்ணனுக்குப் போன் செய்து கேட்டார்கள், அவர் சரி என்றார். காலை எட்டு மணிக்கு மேல் லிஃப்ட்காரர் கண் திறக்கவில்லை.

மகள் பத்து இருபதுக்கு மருத்துவமனைக்குள் நுழைந்தாள். லிஃப்டின் முன்னால் பழுதுபார்க்கிறோம் என்ற பலகை வைத்திருந்தார்கள். அப்பா எழுதிக் கொடுத்த தாளுக்கு அன்றுதான் ஆள் வந்திருந்தான். புது உருளை மாட்டிக்கொண்டிருந்தான். அவள் ஐந்து மாடியும் படியில் ஏறி வந்தாள். மூச்சு வாங்க அவர் காதருகே குனிந்து, "அப்பா, கூப்பிட்டீங்களாம். வந்துட்டேன்" என்றாள். இரண்டு மூன்று முறை சொன்னாள். அவர் வலது கை விரல் ஒன்று லேசாக அசைந்தது.

"அம்மா, கேட்டுச்சா அப்பாவுக்கு?"

அந்த நிலையில் விரல்கள் காரணமில்லாமலும் அசையும் என்று அக்காவுக்குத் தெரியும். கேட்கிறவர்களிடமெல்லாம் தினமும் சொல்கிற பதிலையே மகளிடமும் சொன்னார். "கேட்டிருக்கும்."

மகள் ஸ்டூலில் உட்கார்ந்தாள். காலை உள்ளே இழுத்தபோது கட்டிலுக்கு அடியில் எதிலோ பட்டது. குனிந்து பார்த்தாள். அப்பாவின் செருப்பு, ஒன்றோடொன்று ஒட்டி, வாசலைப் பார்த்தபடி இருந்தது.

"இது யார் இப்படி வெச்சது?"

காலையில் வந்த நர்ஸ் வைத்தது. ஆனால் அக்கா, "நான்தான்" என்றார்.

லிஃப்ட்காரர் வெள்ளிக்கிழமை பகல் மூன்றரைக்கு இறந்தார். அண்ணன் சனிக்கிழமை காலை வந்து சேர்ந்தார். போவதற்கு முன், குடும்பத்தின் மூத்தவர் என்கிற முறையில், மருத்துவமனை தந்த கருத்துப் படிவத்தை அவர்தான் நிரப்பினார். எல்லாக் கட்டங்களிலும் மிக நன்று என்று குறித்துவிட்டு, கீழே தன் அழகான டெப்போக் கையெழுத்தில் ஒரு வரியும் எழுதினார்: எங்கள் வழக்கத்தை எங்களைவிட நன்றாகத் தெரிந்து வைத்திருந்தார்கள். அந்த வரி பயிற்சிக் கையேட்டின் புதிய பதிப்பில் ஏழாம் அட்டைப் பக்கத்தில் சேர்க்கப்பட்டிருக்கிறது.

மகள் பத்து நாள் அம்மாவோடு இருந்துவிட்டுப் போனாள். போகும்போது அப்பாவின் டெஸ்டரை எடுத்துப் போனாள். அக்கா எழுதிக் கொடுத்த தாளுக்குப் பதில் வந்தது. கோரிக்கை பதிவு செய்யப்பட்டது, ஐந்து மாதம் கழித்துக் கூடும் குழுவின் முன் வைக்கப்படும், அதுவரை நடப்பில் உள்ள அட்டையே பின்பற்றப்படும் என்று இருந்தது. இந்த முறை வேறு யாரையாவது படுக்கச் சொல்லட்டுமா என்று மேடம் அக்கறையோடு கேட்டார். வேறு யார் படுத்தாலும் அதே வாக்கியத்தைத்தானே சொல்வீர்கள் என்று அக்கா கேட்டார். மேடம் ஆமாம் என்றார். அப்படியானால் நானே வருகிறேன் என்று அக்கா சொல்லிவிட்டார். பயிற்சியின் முடிவில் அந்தக் காது விஷயத்தைச் சொல்ல ஐந்து நிமிடம் தர முடியுமா என்று மட்டும் கேட்டார். நேரம் இருந்தால் பார்க்கலாம் என்றார் மேடம்.

வருகிற வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு, மூன்றாம் எண் அறையில், புதிதாகச் சேர்ந்த பதினெட்டுப் பேருக்கு ஏழாம் அட்டை நடத்தப்படுகிறது.